எளிய மனிதர்களைச் சந்திப்பது எப்படி?

தனியாக பைக் எடுத்துக்கொண்டு நாலைந்து நாள் ஊர் சுற்றிவிட்டு வருவது இன்றைக்கு ஏறக்குறைய ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் புல்லட், அடுத்த வருடம் லடாக். அவ்வளவு லீவு கிடைக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது தனுஷ்கோடி. சென்னையிலிருந்து கிளம்புகிறவர் முதல் ராத்திரி திருச்சியில் ரூம் போடுவார். மறுநாள் காரைக்குடியில் செட்டிநாட்டுச் சாப்பாடு, சாயங்காலம் பாம்பன் பாலத்தில் ஒரு போட்டோ. திரும்பி வந்ததும் கணக்குச் சொல்வார்: இத்தனை கிலோமீட்டர், இத்தனை லிட்டர், இத்தனை ஊர். கூடவே தவறாமல் ஒரு வரி வரும், "வழியெல்லாம் எளிய மனிதர்களைச் சந்தித்தேன்" என்று. முந்தைய கணக்கையெல்லாம் நம்பலாம். இந்தக் கடைசி வரியைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் சுமார் 55 கிலோமீட்டர். இந்த வழியில் பாதிக்கு மேல் குளத்தூர் தாலுகா. தாலுகாவுக்குப் பெயர் குளத்தூர் என்றாலும் பஸ் நிற்பதும் கடைத்தெரு இருப்பதும் கீரனூரில்தான். ஒரு காலத்தில் குளத்தூருக்கென்றே தனியாக ஒரு தொண்டைமான் வம்சம் இருந்து, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுக்கோட்டையோடு சேர்ந்துபோனது. எண்பதில் போகிற பைக்காரருக்கு இந்தத் தாலுகா முழுக்க அரை மணி நேரச் சமாச்சாரம். விவரம் தெரிந்தவராக இருந்தால் நார்த்தாமலைக்குத் திரும்புவார். பாறை மேல் ஒன்பதாம் நூற்றாண்டின் விஜயாலய சோழீஸ்வரம், எதிரே குடைவரை, அதில் வரிசையாகப் பன்னிரண்டு விஷ்ணு. பார்க்கவேண்டிய இடம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் பேச மாட்டார்கள். பேசுகிறவர்கள் கீழே ஆடு மேய்த்துக்கொண்டும், டிவிஎஸ் எக்ஸெலில் வாழைத்தார் கட்டிக்கொண்டும் போகிறார்கள். அவர்களைத் தாண்டிப் போய்விட்டு "சந்தித்தேன்" என்றால் எப்படி?

இதில் வெளிநாட்டு முன்னோடிகளையும் பார்த்துவிடலாம். டெட் சைமன் என்கிற பத்திரிகையாளர் 1973 அக்டோபரில் லண்டனிலிருந்து 500 சிசி ட்ரையம்ப் ஒன்றில் தனியாகக் கிளம்பினார். நாலு வருடம், 45 நாடு, ஒரு லட்சம் கிலோமீட்டர். வண்டி அடிக்கடி படுத்தது, பிரேசிலில் போலீஸ் பிடித்து வைத்தது, கலிஃபோர்னியாவில் ஒரு பண்ணையில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். 1979-இல் வந்த 'ஜுபிடர்ஸ் டிராவல்ஸ்' புத்தகத்தில் மனசில் நிற்பதெல்லாம் வண்டி ஓடாத பக்கங்கள்தான். தலைப்பே கூட இந்தியாவில் சந்தித்த ஒருவர் "நீ வியாழன்" என்று சொன்னதில் வந்தது. நிற்காமல் போயிருந்தால் புத்தகத்துக்குப் பெயர்கூடக் கிடைத்திருக்காது!

சே குவேராவின் கதை இன்னும் வேடிக்கை. (அது இரண்டு பேர் போன பயணம், தனிப் பயணம் இல்லை. ஆனாலும் புல்லட் வாங்குகிற பாதிப் பேருக்கு அந்தப் படம்தான் காரணம் என்பதால் சொல்லியாக வேண்டும்.) 1952 ஜனவரியில் நண்பர் அல்பெர்த்தோவோடு பழைய நார்ட்டன் ஒன்றில் புறப்பட்டார். சிலியில் வண்டி உயிரை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு லாரியிலும் நடந்தும் போனபோதுதான், கந்தகச் சுரங்கத்துக்கு வேலை தேடிப் போகிற கம்யூனிஸ்ட் தொழிலாளியையும் அவர் மனைவியையும் பாலைவனக் குளிரில் சந்திக்கிறார். அவரைக் கலக்கிய சந்திப்பு அது. 'மோட்டார் சைக்கிள் டைரி' என்று பெயர், விஷயம் முக்கால்வாசி மோட்டார் சைக்கிள் போன பிறகு!

ஆகவே வண்டி ரிப்பேர் ஆக வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம். பெரிய நகரங்களில் மட்டும் தங்குவது என்ற திட்டத்தை மாற்றினால் போதும். திருச்சி லாட்ஜில் சந்திக்கக் கிடைப்பவர் ரிசப்ஷனில் ஆதார் கார்டு கேட்கிறவர் மட்டும்தான். கீரனூர் மாதிரி ஒரு பேரூராட்சியில் ஒரு ராத்திரி தங்கினால் மாலைக் கடைத்தெருவும் காலை முதல் பஸ்ஸும் பார்க்கக் கிடைக்கும். ஒரே கடைக்கு இரண்டாவது தடவை போகும்போதுதான் "தம்பிக்கு எந்த ஊரு?" என்கிற கேள்வி "என்ன தம்பி, இன்னும் கிளம்பலையா?" என்று மாறும். முதல் கேள்வி விசாரணை, இரண்டாவதில் கொஞ்சம் உறவு இருக்கிறது.

இனி டீக்கடை. பைக் பயணக் கட்டுரைகளில் டீக்கடைக்குக் கிடைக்கிற மரியாதை கோயிலுக்குக்கூடக் கிடைப்பதில்லை. மண்வாசனை, வெள்ளந்திச் சிரிப்பு, காசு வாங்க மறுத்த அண்ணாச்சி... எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் இதே குளத்தூர் தாலுகாவில், இறையூர் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. (அந்த வழக்கின் கதை தனி, நீளமானது.) விசாரிக்கப் போன கலெக்டர் கவிதா ராமுவிடம் ஜனங்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை. கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது. அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களைக் கலெக்டரே அழைத்துப் போக வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின வாரம் ஒரு பைக்காரர் அந்தக் கடையில் நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஏலக்காய் டீ, அன்பான மனிதர்கள் என்றுதான். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குக் கொடுத்த கிளாஸ் அப்படி. ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கிற வெளியூர் ஆளை ஊர் நன்றாகவே உபசரிக்கும். அந்த உபசரிப்பு ஊரைப் பற்றிய சர்டிஃபிகேட் ஆகாது. "எந்த ஊரு" என்பதற்கு அடுத்து "எந்தத் தெரு" என்று கேட்பது சும்மா ஊர்ப் பாசத்தில் மட்டும் இல்லை என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிகிறவருக்கு ஒரு பயணம், பதிலை யோசித்துச் சொல்ல வேண்டியவருக்கு வேறு பயணம். இரண்டு பேரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள்.

அதற்காக ஊரைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டச் சொல்லவில்லை. மெயின்ரோட்டுக் கடையில் நிற்கிறவர் காலனித் தெருமுனைக் கடையிலும் ஒரு டீ குடிக்கலாம். அரை கிலோமீட்டர்தான் தள்ளியிருக்கும், பெட்ரோல் ஒன்றும் தீர்ந்துவிடாது. இரண்டு கடையிலும் உட்காராதவர் ஊரில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

பெண்கள் விஷயத்தில் கேள்வி வேறு மாதிரி. ஆன்-ஃபிரான்ஸ் தோத்வீல் என்கிற பிரெஞ்சுப் பெண் 1973-இலேயே தனியாக பைக்கில் உலகம் சுற்றியவர். இங்கே இன்றைக்கும் ஒரு பெண் தனியாக வந்து நின்றால் "கூட யாரும் வரலையாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. அக்கறையா கண்காணிப்பா என்று கேட்கிறவருக்கே தெரியாது.

ஆனால் இந்தக் கேள்வியைப் புதுக்கோட்டை மாவட்டம் முப்பது வருடத்துக்கு முன்பே வேறு வண்டியில் சந்தித்துவிட்டது. 1991-இல் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க பேங்க் கடனுக்கு ஏற்பாடு செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். பி. சாய்நாத் இதைத் தன் புத்தகத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார்: கேலி, ஆபாசப் பேச்சு எல்லாவற்றையும் தாண்டித்தான் ஓட்டியிருக்கிறார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் வசதி, முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. விளைந்ததை நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது.

இருபது வயதில் அன்றைக்குச் சைக்கிள் பழகிய பெண்ணுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கீரனூர் பஸ் ஸ்டாண்டிலோ குளத்தூர் கண்மாய்க் கரையிலோ வண்டியை நிறுத்துகிறவர் மைலேஜ் பற்றிப் பேசுவதற்குப் பதில், முதன்முதலில் தனியாக எந்த ஊர் வரைக்கும் ஓட்டிப் போனீர்கள் அம்மா என்று அவரிடம் கேட்கலாம்.