அடிமேல் அடி மட்டும் போதுமா?

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது நம் முன்னோர் மொழி. முயற்சியின் சிறப்பை உணர்த்தும் இப்பழமொழியை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அடியே கோணலாக விழுமானால் அதன் எண்ணிக்கையைப் பெருக்குவதால் பயன் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூல், ஸ்னூக்கர் முதலிய மேசை விளையாட்டுகள் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றன.

ஸ்னூக்கர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஜபல்பூரில் 1875-ஆம் ஆண்டு தோன்றியதாகக் கூறப்பெறும் இவ்விளையாட்டின் விதிகள், 1882-இல் நம் உதகமண்டலத்து மன்றத்தில் வரையறுக்கப்பெற்றன என்பர். 12 அடி நீள மேசையில், கோலின் முனை வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து சிறிதே விலகினாலும் குறி தவறிவிடும்.

நேற்றுவரை குழியில் விழுந்த பந்து, இன்று விளிம்பில் மோதித் திரும்புகிறது. இத்தளர்ச்சி நேர்ந்ததும் ஆட்டக்காரர் பலர், மேலும் சில மணி நேரம் ஆடினால் சரியாகிவிடும் என நம்புகின்றனர். இடர் அங்கேதான் தொடங்குகிறது. கைக்குப் பழக்கம் தெரியுமேயன்றி நன்று தீது தெரியாது. பிழையோடு நூறு முறை அடித்தால் பிழையே கைவந்த கலையாகிவிடும்.

ஸ்காட்லாந்து வீரர் ஸ்டீபன் ஹென்றி 1990 முதல் 1999 வரை 7 முறை உலகப் பட்டம் வென்றவர். கடும் பயிற்சிக்குப் பெயர் பெற்றவர். கோலைச் செலுத்தும் கணத்தில் கை தடுமாறும் கோளாறு தம்மை ஆண்டுக்கணக்கில் வாட்டியதை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2012-இல் அவர் ஓய்வை அறிவித்தார். வேல்சு நாட்டு மார்க் வில்லியம்ஸ் வரலாறோ வேறு. 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் பெற்ற அவர், 2017-இல் உலகப் போட்டிக்குத் தகுதி பெறவும் இயலாமல் விளையாட்டையே விட்டுவிட எண்ணினார். பின்னர்ப் பயிற்சியாளர் ஒருவர் துணையுடன் குறி பார்க்கும் முறையை அடிப்படையிலிருந்து திருத்திக்கொண்டார். 2018-இல், தம் 43-ஆம் வயதில், மீண்டும் உலகப் பட்டம் சூடினார்.

தொடக்கநிலை ஆட்டக்காரருக்குக் கற்பிக்கும் பயிற்சி ஒன்றுண்டு. வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில் வைத்து எதிர் விளிம்பை நோக்கி அடித்தல் வேண்டும். அடி நேரானதாயின் பந்து அவ்வழியே திரும்பிக் கோல்முனையை அடையும். இல்லையேல் பக்கவாட்டில் விலகும். தளர்ச்சியுற்ற வல்லுநருக்கும் இதுவே மருந்து. பிழை நிற்கும் நிலையிலா, கையிலா, பார்வையிலா எனக் கண்டபின் செய்யும் ஒரு மணி நேரப் பயிற்சி, காணாமல் செய்யும் ஒரு நாள் பயிற்சியினும் மேலானது.

இவ்வுண்மை விளையாட்டோடு நிற்பதன்று. நன்கு பயின்ற மாணவர் ஒரு பருவத் தேர்வில் பின்தங்கினால், 'இன்னும் படி' என்று மட்டும் கடிந்துகொள்கிறோம். எங்கே பிழைத்தது என்று அவருடன் அமர்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்? தளர்ச்சி இழுக்கன்று, அதன் காரணத்தை ஆராயாமல் விடுவதே இழுக்கு. ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் இதனை உளங்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.