கரும்பாறையும் அசையும்

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாகச் சேலம், தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலம் அதிர்ந்தது. மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ரிக்டர் அளவில் 3.3. பெரிய சேதமில்லை என்றதும் செய்தி அடங்கிவிட்டது.

சேலத்திலும் நாமக்கல்லிலும் ‘டமார்’ என்று சத்தம் கேட்டால் முதலில் குவாரி வெடி என்றுதான் நினைப்போம். ஆனால், வெடி பாறையின் மேல்தோலோடு முடிகிறது. நிலநடுக்கம் பல கிலோமீட்டர் ஆழத்தில், ஏற்கெனவே இருக்கும் ஒரு பிளவின் இரு பக்கங்களும் சட்டென்று வழுக்குவதால் பிறக்கிறது. அங்கிருந்து முதலில் புறப்பட்டு வருவது வேகமான அழுத்த அலை; கடினப் பாறையில் வினாடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும். அதுவே காற்றில் கலந்து உறுமலாகக் கேட்கிறது. பின்னால் வரும் குறுக்கலைதான் நிலத்தைப் பக்கவாட்டில் உலுக்குகிறது. கட்டடத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது அலை.

இமயமலை ஓரத்தில் நடுங்குவது சரி, இங்கே ஏன்? இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த நெருக்கடி தட்டின் உட்புறத்திலும் பரவுகிறது. நம் காலடியில் இருப்பவை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள். அவற்றுக்கு நடுவே மோயாறு–பவானி, சேலம்–ஆத்தூர் என்று பழைய முறிவு மண்டலங்கள் ஓடுகின்றன. இறுக்கம் ஏறும்போது விட்டுக்கொடுப்பது இப்படிப்பட்ட பலவீனமான இடங்கள்தாம். அணையில் நீர் தேங்கிய பிறகு நிலம் நடுங்கிய கொய்னாவை நினைத்து மேட்டூர் அணையைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. மேட்டூரில் 1934 முதல் நீர் தேங்கி நிற்கிறது. 1967இல் கொய்னாவில் நேர்ந்ததுபோல் பெரிய அதிர்வு எதுவும் இங்கே நிகழவில்லை.

“நம்ம ஊர் பாறை பூமி, ஒண்ணும் ஆகாது” என்பது இப்பகுதியின் அசையாத நம்பிக்கை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால், ஆயிரம் அடி இறக்கினாலும் பாறைதான் என்பார்கள். உண்மைதான், ஆற்று வண்டலைவிடப் பாறைமேல் ஆட்டம் குறைவு. அதே கடினப் பாறை அலையை உறிஞ்சாமல் வெகுதூரம் கடத்தும் என்பது மறுபாதி. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் சுமார் 6 அளவில் ஏற்பட்ட நடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு பெருகும். அந்தக் கணக்கில், கோவை நடுக்கம் 2018இல் நம்மை வெளியே ஓடவைத்ததைப்போல் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு.

மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் பாறை பூமிதான். அன்றைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியுமுன் 6.2 அளவில் நிலம் குலுங்கியபோது, மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர்கள் உறங்கியவர்கள்மீது சரிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2002இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதல் மண்டலமே நீக்கப்பட்டது. திருத்திய அந்த வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம், மிதமான ஆபத்து. இதை அறிந்து வீடு கட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

எனக்குக் கவலை தருவது நம் பாறையல்ல, அதன்மேல் எழுந்துகொண்டிருக்கும் கட்டடங்கள். கீழே வண்டி நிறுத்தச் சுவரே இல்லாமல் பில்லர்கள் மட்டும். மேலே செங்கல் சுவரடைத்த மூன்று நான்கு மாடிகள். சேலத்தில் எந்தப் புதுக் குடியிருப்புத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். குலுங்கும்போது மேல்பகுதி ஒரே கட்டியாக ஆட, வளைவு முழுவதும் கீழ்த்தளப் பில்லரில் வந்து விழுகிறது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகை. ஏரியையோ கைவிட்ட கல்குழியையோ மண்கொட்டித் தூர்த்த இடத்தில் கட்டினால், பாறை பூமி என்ற ஆறுதலும் போய்விடும்.

பில்லரைக் காப்பது பருமனான கம்பி மட்டுமல்ல, அதைச் சுற்றிக் கட்டும் ரிங். மூன்றாம் மண்டலத்துக்கும் பொருந்தும் ஐ.எஸ். 13920 தர நிர்ணயப்படி, ரிங்கின் கொக்கி 135 பாகை உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். பில்லரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் குறைந்தது ஒன்றரை அடிக்கு ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வழக்கத்திலோ கம்பி கட்டுகிறவர் 90 பாகையில் மடித்து, அரையடிக்கு ஒன்று என்று கட்டிப் போகிறார். வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி திறந்துகொள்ளும். உள்ளே நெடுங்கம்பிகள் பிதுங்கும். சரியாக மடிக்க ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கம்பி கட்டுகிறவரைக் குறை சொல்வதற்கில்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்புகள் பக்க இடைவெளியை அளக்கின்றன, ரிங்கை அல்ல. கான்கிரீட் போட்டபின் ரிங் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பில்லருக்குப் பலகை அடைப்பதற்கு முந்தைய நாள் ஒரு பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த வேலை தொடரலாம் என்று சேலம், நாமக்கல் மாநகராட்சிகள் விதி செய்ய வேண்டும். ஏற்கெனவே எழுந்து நிற்கும் கட்டடங்களில், பொறியாளர் ஆலோசனையோடு கீழ்த்தளத்தில் சில பில்லர்களுக்கு நடுவே இருபுறமும் சமமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பலாம். நான்கு கார் நிறுத்தும் இடத்தில் இரண்டுதான் நிறுத்த முடியும்.