பித்தளையும் ஈயமும்தானே என்று எண்ணாதீர்கள்!



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், கடை கட்டும் நேரம். கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளாக என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் வந்தார். பாக்கியைக் கட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. "முதலாளி, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்றார்.

அவர் மகன் சென்னையில் ஒரு ரைபிள் கிளப்பில் முறைப்படி சேர்ந்து துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறான். தோட்டாச் செலவு கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஒரு வழி சொன்னாராம். அங்கே சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதுக் கேப் பொருத்தி, மருந்து போட்டு, ஈயக்குண்டு வைத்துத் திரும்ப நிரப்பிக்கொள்வார்களாம். அதற்கு வேண்டியதெல்லாம் கடையிலேயே கிடைக்குமாம். ஒரு பெட்டி அனுப்புகிறேன், உன் கடைப் பெயரில் "பித்தளைச் சாமான்" என்று எடுத்துக்கொள் என்றிருக்கிறார்.

"பித்தளையும் ஈயமும்தானே முதலாளி? பாத்திரக் கடையில் இல்லாததா?" என்று கேட்டார் நம் நண்பர்.

வேண்டவே வேண்டாம் என்றேன். அவரிடம் சொன்ன காரணங்களை நம் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டா என்றால் முழுத் தோட்டாவை மட்டும் சொல்லவில்லை. தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்யும் இயந்திரங்களையும் அதே கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. அதன் 10-ஆம் பிரிவின்படி கடல் வழியோ, தரை வழியோ, வான் வழியோ எதில் கொண்டுவந்தாலும் உரிமம் வேண்டும். ஏற்கெனவே உரிமம் உள்ளவர் தம் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவு கொண்டுவர ஒரு சலுகை உண்டு. அதிலும் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை பொருளை நிறுத்திவைக்கலாம். மளிகைக் கடைப் பெயரில் வரும் அட்டைப்பெட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எச்.எஸ்.என். எண் தெரியாத வியாபாரி இல்லை. புளிக்கு ஒரு எண், கடுக்காய்க்கு ஒரு எண் என்று தினமும் பில் போடுகிறோம். அந்தப் புத்தகத்தையே புரட்டிப் பாருங்கள். தோட்டாவும் அதன் பாகங்களும், சிறு ரவையும்கூட, 9306-இல் இருக்கின்றன. பாத்திரங்களோடு அல்ல, ஆயுதங்களுக்கான 93-ஆம் அத்தியாயத்தில். மருந்து 3601, கேப் 3603. இவ்விரண்டும் வெடிபொருள்களுக்கான 36-ஆம் அத்தியாயம். நம் கண்ணுக்கு உலோகமாகத் தெரிவது சட்டத்தின் கண்ணுக்கு ஆயுதம்.

ஆகவே ஒரே பெட்டிக்கு மூன்று வாசல்கள். ஆயுத உரிமம் ஒன்று. கட்டுப்படுத்தப்பட்ட சரக்கு என்பதால் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இறக்குமதி அனுமதி இரண்டாவது. மருந்தும் கேப்பும் இருந்தால், 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி நாக்பூரில் தலைமையிடம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் மூன்றாவது. இது போக, அனுப்பும் நாட்டின் ஏற்றுமதிச் சட்டம் வேறு. அங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதால், தாராளமாக வெளியே அனுப்பலாம் என்று பொருளல்ல.

பெயரை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவின்படி சரக்கு பறிமுதல். அபராதம், வழக்கு, சிறை எல்லாம் அதன் பின்னால் வரும். 2025 அக்டோபரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் சீனப் பட்டாசுக் கண்டெய்னர்கள் பிடிபட்டதைப் படித்திருப்பீர்கள். முன்னால் வேறு சரக்கை அடுக்கி, பின்னால் பட்டாசை மறைத்திருந்தார்கள். தீபாவளிக்குத் தற்காலிக உரிமம் எடுத்துப் பட்டாசு விற்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டாசை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம் என்று மத்திய அரசு 2014-லேயே எச்சரித்துவிட்டது.

இதில் நானும் ஒருமுறை பட்டவன்தான். வியாபாரம் தொடங்கிய புதிதில், தெரிந்தவர் கேட்டார் என்று அவருடைய நான்கு பெட்டிகளை என் பில்லில் ஏற்றிவிட்டேன். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் திறந்தபோது பட்டாசு. தெரிந்தவர் காணாமல் போனார். பில்லில் இருந்தது என் பெயர். இரண்டு வருடம் அலைந்தேன். இன்று சிலர் கமிஷனுக்காகத் தங்கள் ஏற்றுமதி இறக்குமதி எண்ணையே இரவல் தருகிறார்கள். கையெழுத்தை இரவல் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

நமது ஊருக்கு இது இன்னும் முக்கியம். கல்வராயன் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியால் மரவள்ளியும் கரும்பும் பாழாகும் வேதனை எனக்குத் தெரியும். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் பன்றியைச் சுடும் அதிகாரம் அதோடு வந்துவிடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு தந்த அனுமதியும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினருக்கு மட்டும்தான். ஆகவே மருந்து, ரவை என்று யாராவது மறைவாகக் கேட்டால், உதவி என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் என்ன நடந்தது? மெத்தனால் தொழிற்சாலைக்கு வேண்டிய பொருள். அது வழி தவறிக் கைமாறியதில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சரக்குக்குப் புத்தி கிடையாது. கணக்கு வைப்பவனுக்குத்தான் இருக்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்டார். அந்த ஒலிம்பிக்கில் நம் நாடு வென்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. அப்படியிருக்க, சிற்றூர்ப் பிள்ளைக்கு நேர்வழி தெரியவில்லை என்றால் குறுக்குவழிக்காரன் அவனைத் தேடி வருவான். எந்த அனுமதிக்கு எங்கே மனு, என்ன தாள்கள், எத்தனை நாள் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே தமிழில் எழுதி ஒட்டினால் போதும். நமது சங்கமும் 36, 93 அத்தியாயங்களின் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் தர வேண்டும்.

நம் நண்பர் அன்றிரவே மைத்துனருக்குப் போன் போட்டு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது மகன் கிளப் மூலமாகவே தோட்டா வாங்குகிறான். செலவு கூடத்தான். "கடன் சொல்லட்டுமா முதலாளி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு மாதம் தவணை தந்திருக்கிறேன்.

முதலில் அனுமதி, பிறகு ஆர்டர். இதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டிக்கொள்வோம்.

– மொத்த வியாபாரி ஒருவர், கள்ளக்குறிச்சி