அரியலூர்ப் புகையை எரிவாயு ஆக்கலாமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகளைத் தெரியாமல் இருக்காது. "அந்தப் புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிக்கல் மேல் செலுத்தினால் மீத்தேன் ஆகிவிடும், அதில் சமைக்கலாம், வண்டி ஓட்டலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் வகுப்பில் புராஜெக்ட் தலைப்பு என்றாலே பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். வேதியியல் சரிதான். ஆனால் நம் ஊர்ப் புகைக்கு இது தீர்வு ஆகாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிமெண்ட் புகையை நிலக்கரியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் சூடாக்கினாலும் இந்த 44 கிலோ வந்தே தீரும். அதனால் பிடித்து வைக்கும் யோசனையில் தப்பில்லை. அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை டால்மியா சிமெண்ட் 2019-ல் அறிவித்தது.

பிடித்ததை என்ன செய்வது? அங்கேதான் நிக்கல் வருகிறது. 1902-லேயே பிரெஞ்சுக்காரர் பால் சபாத்தியே, சாந்தராங்ஸ் என்பவரோடு சேர்ந்து இதைச் செய்து காட்டிவிட்டார். 1912-ல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 300, 400 டிகிரி சூட்டில் நிக்கல் நன்றாகவே வேலை செய்யும். ருத்தேனியம் இன்னும் குறைந்த சூட்டிலேயே செய்யும், ஆனால் விலை எட்டாது. புகையில் கந்தகம் இருந்தால் நிக்கல் செத்துவிடும், ஆகவே முதலில் புகையைச் சுத்தம் செய்ய வேண்டும். இவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை.

சமாளிக்க முடியாதது ஹைட்ரஜன். வினையூக்கி வழியைச் சுருக்குமே தவிர, வழிச்செலவுக்குக் காசு தராது. அடுப்பு தயாராக இருக்கிறது, அரிசி எங்கே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 டன் கார்பன் டை ஆக்சைடை மாற்ற சுமார் 182 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தால் கிலோவுக்கு 50 யூனிட் என்று வைத்தாலும் 9,100 யூனிட் ஆகிறது. கிடைப்பது 364 கிலோ மீத்தேன், அதை எரித்தால் வரும் வெப்பம் சுமார் 5,000 யூனிட். எரித்ததும் அதே 1 டன் கார்பன் டை ஆக்சைடு திரும்பக் காற்றுக்குப் போய்விடும்!

5 லட்சம் டன்னுக்கு? ஆண்டுக்கு 455 கோடி யூனிட். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்றில் பாதிக்கு மேல் வருடம் முழுக்க இதற்கே போய்விடும். ஆடிக் காற்றில் மிஞ்சும் காற்றாலை மின்சாரம் போதாதா என்பீர்கள். காற்று சில மாதம்தான், சூளை வருடம் முழுக்க எரிகிறது.

உர ஆலைகள் செய்வது போல இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் இன்னும் வேடிக்கை. அந்த 182 கிலோவுக்கே ஒன்றரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மீத்தேனை உடைத்து மீத்தேன் செய்வதற்கு இத்தனை பாடு :-)

அப்படியானால் என்னதான் செய்வது? ஹைட்ரஜன் கேட்காத வழிகளைப் பார்க்கலாம். தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் பாய்லர் புகையிலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடைச் சோடா உப்பு செய்யப் பயன்படுத்த 2016-ல் தொடங்கினார்கள். அதைவிட நல்லது, புகையையே குறைப்பது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் கலந்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமெண்ட் இருக்கிறது. சென்னை ஐஐடியும் சேர்ந்து ஆராய்ந்த விஷயம் இது. 2023-ல் இந்தியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது.

லாரியும் தூசியும் சுரங்கக் குழியும் நம் ஊருக்கு ஏற்கனவே போதும். "எப்படியும் புகையை எரிவாயு ஆக்கிவிடுவோம்" என்ற பேச்சு, இன்று குறைக்க வேண்டியதை நாளைக்குத் தள்ளிப்போட ஒரு சாக்காகிவிடக் கூடாது. புராஜெக்ட் செய்யும் நண்பர்கள் தாராளமாகச் செய்யுங்கள், கற்றுக்கொள்ள அருமையான தலைப்பு. ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவிடுங்கள்: ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?