மலை வீட்டில் தென்னை மரமா?

வீடு அழகாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால், எந்த ஊரில் எந்த அழகு என்று ஒரு கணக்கு இருக்கிறது.

கடல் தீவுகளில் உள்ள வீடுகளைப் போல வீட்டை அலங்கரிக்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. சுவரில் கடல் நீலம். கூடத்தில் பிரம்பு நாற்காலி. வாசலில் கீற்றுப் பந்தல். திரைச்சீலையில் தென்னை மரம்.

கொடைக்கானலில் வீடு கட்டுகிறவர்களுக்கும் இந்த ஆசை வருகிறது. அங்கே இது சரிப்படாது என்பது என் கருத்து.

குளிர் செய்யும் வேலை

தீவு வீட்டுக்கு வெயில்தான் எதிரி. அதனால் காற்று வர நாலு பக்கமும் திறந்து வைக்கிறார்கள். தரையைக் குளிர்ச்சியாகப் போடுகிறார்கள்.

கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிரும் ஈரமும்தான் எதிரி. மார்கழி, தை மாதங்களில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு.

அந்த ஈரத்தில் பிரம்பில் பூசணம் பூக்கும். கீற்று ஊறி அழுகும். காரைக்குடி வெயிலில் காலுக்குச் சுகமாக இருக்கும் ஆத்தங்குடிக் கல், மலையில் பாதத்தை விறைக்க வைக்கும்.

பணம் போவது மட்டும் அல்ல. பூசணம் பிடித்த வீட்டில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இருமலும் இரைப்பும் வரும். அழகுக்கு இந்த விலையா?

தீவில் இருந்து வந்தவர்கள்

1834-ம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரையிலும் பணியைத் தொடங்கினார்கள். வெயிலும் நோயும் அவர்களை வாட்டின. 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள்.

மலையின் பழைய பங்களாக்களைப் பாருங்கள். கனமான கல் சுவர், கண்ணாடி ஜன்னல், குளிர் காயக் கணப்பு அடுப்பு. மலைக்கு ஏற்ற வீடு அது.

இலங்கையில் ஜெப்ரி பாவா என்ற கட்டிடக் கலைஞர் இருந்தார். 2003-ல் காலமானார். தீவு வீட்டுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் அவர். மதுரையில் ஒரு கிளப் கட்டிடத்துக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். மழை, காற்று, மரம் எல்லாவற்றையும் பார்த்துக் கட்டுவதுதான் அவர் வழி. தீவு வீட்டில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பாடத்தைத்தான். தென்னை மரப் படத்தை அல்ல!

நிறம் வேண்டாமா?

தாராளமாக வேண்டும். மூடுபனி சூழ்ந்த ஊரில்தான் நிறம் அதிகம் வேண்டும்.

முதலில் கூரை ஒழுகலையும் சுவர் ஈரத்தையும் சரி செய்யுங்கள். மிச்சப் பணத்தில் பெயிண்டு அடிக்கலாம். மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி போன்ற நிறங்கள் அறைக்கு வெதுவெதுப்பான தோற்றம் தரும்.

தரைக்குப் பவானி ஜமக்காளம் விரியுங்கள். அதில் இல்லாத நிறமா? காலுக்கும் கதகதப்பு. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை இருந்தால் திரைச்சீலையாகவும் தலையணை உறையாகவும் தைக்கலாம். செலவு தையல் கூலிதான்.

பிளாஸ்டிக் பூ வாங்க வேண்டாம். மலை மண்ணில் ஜெரேனியம், ஹைட்ராஞ்சியா செடிகள் தொட்டியிலேயே பூத்துக் குலுங்கும்.

நீலம்தான் பிடிக்கும் என்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. பழனி மலையில் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும். 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அப்போது ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

நீலம் மலையில் இருக்கட்டும். வீட்டுக்குள் கதகதப்பு இருக்கட்டும்.