கசக்கிப் பிழியும் கரிசனம்

ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரம் நெருங்கும்போது எங்கள் பத்திரிகைக் காரியாலயங்களில் ஒரு சடங்கு நடக்கும். உலகத் தாய்ப்பால் வாரம் 1992 இல் தொடங்கியது. அன்றுமுதல் ஆண்டுதோறும் யாராவது ஓர் உதவி ஆசிரியர் சென்ற வருடத்துக் கட்டுரையைத் தேடியெடுத்து, ஆண்டை மாற்றி, தலைப்பை மாற்றி, சிரித்த முகத்துடன் குழந்தையை அணைத்திருக்கும் தாயின் படம் ஒன்றைச் சேர்த்து அச்சுக்கு அனுப்புவார். தாய்ப்பால் அமுதம், தாய்ப்பாலே முதல் தடுப்பூசி, தாய்ப்பாலுக்கு ஈடில்லை. எல்லாம் உண்மைதான். நானும் பல ஆண்டுகள் அந்தச் சடங்கைச் செய்தவன். அந்தக் கட்டுரைகள் ஒன்றிலேனும் 'வலி' என்ற சொல் இடம்பெற்றதாக எனக்கு ஞாபகமில்லை.

கனடாவில் வாழும் என் இளைய மகளுக்குக் கடந்த ஆண்டு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஐந்து மாதங்களுக்குள் நான்கு தடவை அவளுக்குப் பால் கட்டியது. மார்பின் ஒரு பக்கத்தில் கல்லைப் போல ஒரு தடிப்பு, தொட்டால் உயிர்போகும் வலி, மேலே சிவந்த தோல், இரவில் குளிர்காய்ச்சல். இரண்டு மூன்று நாட்களில் தணியும். இருபது நாள் கழித்து மறுபடியும் அதே பக்கத்தில் வரும். பேறு பார்க்கப் போயிருந்த என் மனைவி ஊரிலிருந்து கொண்டுபோன சகல அறிவையும் அவள்மீது பிரயோகித்தாள். சுடுதண்ணீர் ஒத்தணம், நல்லெண்ணெய், சீப்பின் பின்புறத்தால் மேலிருந்து கீழாக நீவுதல். "நல்லா அமத்தி விடு பிள்ளை, கட்டி கரைஞ்சு போகும்" என்று அவள் சொல்வது தொலைபேசியில் எனக்கே கேட்டது. நானும் இங்கிருந்தபடி, "அம்மா சொல்லுறதைக் கேள்" என்றேன். அறியாமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பேதமில்லை.

நான்காவது தடவை மகள் அங்குள்ள தாய்ப்பாலூட்டல் ஆலோசகர் ஒருவரிடம் போனாள். அவர் முதலில் பார்த்தது கட்டியை அல்ல, அதைச் சுற்றிக் கன்றிப்போயிருந்த தோலை. "இதை யார் செய்தது?" என்று கேட்டாராம். தானே செய்ததாக மகள் சொன்னாள். தாயைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன் பின்னர்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க வெட்கமும் கோபமும் சேர்ந்தே வந்தன.

பால் கட்டுதல் என்றால் என்ன என்று எங்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. வாய்க்காலில் சருகு அடைத்ததைப் போல நாளம் ஒன்றில் பால் உறைந்து அடைத்திருக்கிறது, அமுக்கித் தள்ளினால் அடைப்பு வெளியேறிவிடும் என்பதே அந்தப் படம். இது எங்கள் கிழவிகளின் கற்பனை மட்டுமல்ல, மருத்துவ நூல்களும் நெடுங்காலம் இதைத்தான் சொல்லின. ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை வைத்தியர் சேர் அஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் மார்பகங்களை ஆராய்ந்து, 1840 இல் நூலொன்றை வெளியிட்டார். ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் பாடநூல்கள் அந்தச் சித்திரங்களின் நிழலிலேயே வாழ்ந்தன. 2005 இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஆய்வாளர்கள் பாலூட்டும் பெண்களையே அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தார்கள். காம்பில் திறக்கும் நாளங்கள் பாடநூல் சொன்னதுபோல் பதினைந்து, இருபது அல்ல, சராசரியாக ஒன்பதுதான். காம்பின் பின்னால் பாலைச் சேர்த்து வைப்பதாகப் படம் போட்டுக் காட்டிய பைகளும் அங்கே இல்லை. நாளங்கள் நேரான குழாய்களும் அல்ல. மரத்தின் வேர்களைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

2022 இல் தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச வைத்தியர் கழகம் தனது 36 ஆவது வழிகாட்டியை வெளியிட்டபோது இந்த அறிவு சிகிச்சைக்கு வந்தது. அது சொல்வது சுருக்கமாக இதுதான். கையில் தட்டுப்படும் கட்டி, உறைந்த பாலின் உருண்டை அல்ல. நாளங்களைச் சூழ்ந்துள்ள திசு வீங்கி, அந்த வீக்கம் நாளத்தை நெரிக்கிறது. வீங்கிய கணுக்காலை யாராவது சீப்பால் அழுத்தித் தேய்ப்பார்களா? மார்பை மட்டும் தேய்க்கிறோம். தேய்க்கத் தேய்க்க நுண்ணிய குருதிக் கலன்கள் சிதைந்து வீக்கம் கூடுகிறது. வீக்கம் கூடினால் நெரிப்பும் கூடும். தொடர்ந்து வருவது அழற்சி, அதற்கப்பால் சீழ்க்கட்டி.

மற்றொரு தவறு இதைவிட நுட்பமானது. கட்டியிருக்கும் பக்கத்தை முற்றாக வெறுமையாக்கிவிட வேண்டும் என்று மணிக்கு ஒரு தரம் பிழிந்தெடுப்பது. உடல் அதை எப்படி விளங்கிக்கொள்ளும்? பிள்ளைக்குப் பசி கூடிவிட்டது என்றல்லவா? எடுக்க எடுக்க அது இன்னும் சுரக்கிறது, சுரந்த பால் வீங்கிய திசுவையே மேலும் நெருக்குகிறது. என் மகளுக்கு நடந்தது இதுதான். பிள்ளை குடித்து முடித்த பின்னும் மின் இயந்திரத்தால் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். வேலைக்குத் திரும்பும் நாளுக்கான சேமிப்பாம். புலம்பெயர் நாடுகளில் இந்த இயந்திரம் இன்று தாய்மையின் அடையாளச் சின்னமாகிவிட்டது. அது தேவைப்படும் தாய்மார் உண்டு. தேவையில்லாத இடத்தில் அதுவே நோயை வளர்க்கிறது. பால் மிகையாகச் சுரக்கும் தாய்க்கு அடிக்கடி பால் கட்டுவது வியப்பல்ல.

ஆகவே புதிய வழிகாட்டி கேட்பது குறைவானதும் மென்மையானதுமான செயல்களையே. பிள்ளை கேட்கும்போது பால் கொடுங்கள், கூடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அழுத்தித் தேய்ப்பதற்குப் பதிலாக, பூனைக்குட்டியைத் தடவுவதுபோல அக்குள் பக்கமாக மேலாகத் தடவுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். சூடு சிலருக்கு இதமாக இருக்கலாம், ஆனால் குருதியோட்டத்தைக் கூட்டி வீக்கத்தையும் கூட்டக்கூடும். காம்பின் நுனியில் வெண்புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்த வேண்டாம். மீண்டும் மீண்டும் வருவோருக்குச் சூரியகாந்தி அல்லது சோயா லெசித்தினை உட்கொள்ளலாம் என்றும் அந்த வழிகாட்டியில் இருக்கிறது. வைத்தியரைக் கேட்டே அதைத் தொடங்க வேண்டும்.

வலிக்கும் வீக்கத்துக்கும் ஐபுப்ரோபன் போன்ற மருந்துகளை அது பரிந்துரைக்கிறது. மேலை நாடுகளில் இருப்போருக்கு அது பொருந்தும். இலங்கையில் இருப்போருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். 2017 இல் மட்டும் 180,000 க்கும் அதிகமான டெங்கு நோயாளரைக் கண்ட நாடு இது. காய்ச்சல் வந்துவிட்டால், அது மார்பிலிருந்து வந்த காய்ச்சல்தான் என்று நீங்களே தீர்மானித்து அந்த மருந்தை விழுங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் குருதிப்பெருக்கில் முடியலாம். இங்கே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல்தான், மிகுதியை வைத்தியர் சொல்லட்டும்.

இங்கே என் மனைவியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இது அவள் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. 1984 இன் இறுதியில் எங்கள் மூத்த பிள்ளை பிறந்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். துடக்குக் கழிய முன்னரே அவளுக்குப் பால் கட்டியது. சரக்குக் கறியும் சுறா வறையும் கொடுத்துப் பாலைப் பெருக்கிய அதே கைகள் அந்தப் பாலை அமுக்கி எடுக்க முனைந்தன. ஊரடங்கு நாட்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது சீழ் பிடித்திருந்தது. வெட்டி எடுத்தார்கள். தழும்பு இன்றும் இருக்கிறது. அந்தப் பெண்தான் நாற்பது ஆண்டுகளின் பின்னர் தன் மகளுக்குச் சீப்பை எடுத்துக் கொடுத்தாள். "எனக்கு வேறை என்ன தெரியும்? ஆர் எனக்குச் சொன்னது?" என்று இப்போது கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். செய்தியைச் சொல்வது அல்லவா என் தொழில்?

தொண்ணூறுகளில் ஒரு நாள் ஞாயிறு இதழுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிராமமொன்றில் பணியாற்றிய குடும்பநல உத்தியோகத்தர். பால் கட்டுவது பற்றி, காம்பு வெடிப்பது பற்றி, பிள்ளையைச் சரியாகப் பிடிப்பது பற்றி இரண்டு பக்கங்களில், நல்ல தமிழில், தெளிவாக எழுதியிருந்தார். 'முலைக்காம்பு' என்ற சொல் ஏழெட்டு இடங்களில் வந்தது. குடும்பங்கள் வாசிக்கும் பத்திரிகையில் இதை எப்படிப் போடுவது என்று ஆசிரியபீடத்தில் ஒரு சிரிப்பு. கடிதத்தைக் குப்பைக்கூடையில் போட்டவன் நான். உமையம்மை தன் முலைப்பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு ஊட்டிய கதையைத் தேவார விழாச் சிறப்பிதழில் பக்கம் பக்கமாக வெளியிட்ட அதே கைதான். அம்மைக்கு இருக்கலாம், அயல்வீட்டுப் பெண்ணுக்கு இருக்கக்கூடாது என்பதுதான் எங்கள் பத்திரிகைத் தர்மம்.

பிரசாரத்தை நான் இகழவில்லை. 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பருகினர். பணக்கார நாடுகள் பல எட்டாத நிலை இது. கிராமங்களில் வீடுவீடாக நடந்த குடும்பநல மாதரின் உழைப்பு அது. ஆனால் அந்த 82 இல் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்டோமா? வலி தாங்காமல் நிறுத்திய பெண்ணை, 'பிள்ளைக்குப் பால் குடுக்கப் பஞ்சிப்பட்டவள்' என்று பேசினோம். புட்டிப்பால் கம்பனிக்கு எங்களைவிடப் பெரிய விற்பனைப் பிரதிநிதி வேண்டியதில்லை. 1981 இல் உலக சுகாதார மாநாடு அந்தக் கம்பனிகளின் விளம்பரங்களுக்கு எதிராக ஒரு கோவையை நிறைவேற்றியது. வலியில் துடிக்கும் தாயை "அமத்து" என்று அதட்டும் உறவினருக்கு எதிராக எந்தக் கோவையும் கிடையாது.

மலையகத்துக்கு வாருங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுடைய தாய்க்கு ஒன்பது மணிநேர வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு என்று மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. எழுத்தில் அழகாக இருக்கிறது. கொழுந்து மலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடையில் எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்? போய் வரும் நேரத்தில் நிறுவை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். ஆகவே அவள் போகமாட்டாள். மார்பு கனத்து, சட்டை நனைந்து, மாலை நிறுவை முடியும்வரை நிற்பாள். அவளுக்குப் பனிக்கட்டி வை என்று நான் எழுதுவது எவ்வளவு கேலிக்குரியது என்பது எனக்குத் தெரியும். லயத்தில் குளிர்ப்பெட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது? குளிர்ந்த நீரில் நனைத்த துணியாவது வைக்கலாம். ஆனால் அவளுக்கு முதலில் தேவை துணியல்ல, அந்த அரை மணிநேரம். தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதை எப்போதாவது எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியுடன் திருத்திக்கொள்கிறேன்.

பிரித்தானியாவில் தாய்க்கு 52 வாரம் வரை விடுமுறை உண்டு, அதில் 39 வாரத்துக்குச் சட்டபூர்வக் கொடுப்பனவும் கிடைக்கலாம். இலங்கையின் தனியார்துறைத் தாய்க்கு 84 வேலைநாட்கள். மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவு என்பது 2018 இல் தான் சட்டமானது, அதற்கு முன் பாதிதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று சுவரொட்டி ஒட்டும் அரசு, நான்கு மாதம் நிறைய முன்னரே அவளை வேலைக்கு அழைக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் சுவரொட்டி எழுதுவதில்லை போலும்.

இறுதியாக, இதை வாசிக்கும் தாய்மாருக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்கும். காய்ச்சலும் சிவப்பும் ஒரு நாளுக்குள் தணியாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். கிருமித்தொற்று என்றால் நுண்ணுயிர்கொல்லி தருவார். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன, பாலை நிறுத்த வேண்டியதில்லை, அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதலும் செய்யாது. நாட்டின் பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டுமானால், அல்லது கட்டி கரையாமல் நிற்குமானால், 'பால்தானே' என்று விட்டுவிடாமல் ஸ்கான் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பாலூட்டும் காலத்திலும் புற்றுநோய் வரும். என் மகளுக்கு அப்படிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இயந்திரத்தை மெல்ல மெல்லக் குறைத்தாள். மூன்று மாதமாகக் கட்டவில்லை. சீப்பை என் மனைவி பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

அந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் பெயரும் ஊரும் எனக்கு மறந்துபோயின. இதை அவர் வாசிக்கக்கூடுமானால், அந்தக் கடிதத்தை மீண்டும் ஒரு தடவை எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு சொல்லும் வெட்டாமல் இங்கே வெளியிடுவேன்.