லயம் யார் பொறுப்பு? மே மழைக்கு முன் ஓர் அறைகூவல்

தோழர்களே! கரவனெல்லச் சந்தியைச் சுற்றி எட்டியாந்தோட்டை, புலத்கொஹுப்பிட்டிய, தெரணியகல மலைகளில் பால் வெட்டும், கொழுந்தெடுக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கைகளே!

மே மாதம் நெருங்குகிறது. 2003 மே 17 வெள்ளம் இரத்தினபுரியை என்ன செய்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். 2016 மே 17 அரநாயக்க மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே நாளில் புலத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் இறங்கி, நம் ஆட்களைப் புதைத்தது. அரநாயக்கவை நாடு முழுக்க அறியும். களுபஹனவை நம்மைத் தவிர யார் பேசுகிறார்கள்? அடுத்த ஆண்டு மே கடைசியில் இரத்தினபுரியும் களுத்துறையும் மறுபடி மூழ்கின. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மே வரைகூடக் காத்திருக்கவில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலும் மலைநாட்டில்.

இதற்கெல்லாம் கொழும்பில் திட்டம் இல்லையா? நிறையவே இருக்கிறது. 2008இல் காலநிலை மாற்றச் செயலகம் வந்தது. 2016இல் அரசு பாரிஸ் உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டு, 2016 முதல் 2025 வரைக்குமான தேசிய இசைவாக்கத் திட்டமும் வெளிவந்தது. மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் நாடு எப்படித் தன்னைத் தயார் செய்வது என்பதை ஒன்பது துறைகளாகப் பிரித்து எழுதிய திட்டம் அது. 2021இல் உலகத்துக்கு இன்னொரு வாக்குக் கொடுத்தார்கள்: 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வழியில், 2050க்குள் காபன் சமநிலை.

நல்ல வாக்குத்தான். நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது துறைகளில் நம் லயம் எதில் வருகிறது? ஏற்றுமதிப் பயிர் என்று ஒரு துறை உண்டு. அங்கே தேயிலையும் ரப்பரும் இருக்கின்றன. மக்கள் குடியிருப்பு என்று ஒரு துறை உண்டு. ஆனால் குடியிருப்பைப் பாதுகாப்பதும் இடம்மாற்றுவதும் காணியில் வந்து முட்டுகின்றன. நாம் நிற்கும் காணி அரசினுடையது. 1992இலிருந்து அது கம்பனிகளிடம் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்று துரையிடம் சொன்னால், "அது அரசாங்க வேலை" என்பார். பிரதேச செயலகத்தில் சொன்னால், "தோட்டத்துக்குள்ளே இருக்கிறது, நிர்வாகத்திடம் பேசுங்கள்" என்பார்கள். இப்படி அலைந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மலை இரண்டு பேரிடமும் கேட்காது.

மீரியபெத்தையை மறக்கக் கூடாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அது திடீரென்று வந்த விதி அல்ல. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆய்வு நடந்தது, அறிக்கையும் வந்தது. அந்த அறிக்கையைக் கையில் எடுத்து "இந்தாருங்கள் மாற்று இடம்" என்று சொல்லத்தான் ஆளில்லை. தப்பியவர்கள் புது வீட்டுக்குப் போக ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. கடலுக்கு அப்பால் மூணாறுப் பக்கம் பெட்டிமுடியிலும் இதே கதைதான்: 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்டத்து லயங்களில் தூங்கிய 70 பேர் மண்ணுக்குள் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். நாடு வேறு, கம்பனி வேறு. வெள்ளைக்காரன் மலைச்சரிவில் கட்டிவைத்த வரிசை வீடு மட்டும் ஒன்றே.

"சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், காலநிலையை என்.ஜி.ஓ.காரர்கள் பேசட்டும்" என்று சொல்லும் தோழர்கள் நமக்குள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விடிகாலை மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பெய்தால் பால் சிரட்டையோடு வழிந்து போகும். அன்றைக்கு நாள் வேலைக் கணக்கில் பேர் விழுமா? நாட்கூலியை எவ்வளவு கூட்டினாலும், பேர் விழாத நாளுக்கு அது எத்தனை ரூபாய்? 2019இலிருந்து ரப்பருக்கு இலையுதிர் நோய் வேறு. ஈரம் கூடிய நம் மாவட்டங்களில்தான் அது பரவியது. இலை கொட்டிய மரத்தில் பால் குறையும். ஆகவே மழை நாள் சம்பளம் காலநிலைக் கோரிக்கை, காலநிலைக் கோரிக்கையும் சம்பளக் கோரிக்கை. இதைப் பிரித்துப் பேசுவது நிர்வாகத்துக்குத்தான் வசதி.

நம்மைக் கேட்காமல் பச்சைத் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். ஜனாதிபதி கிளாஸ்கோ மாநாட்டுக்குப் போய் அதைப் பெருமையாகப் பேசினார். இங்கே கொழுந்து குறைந்தது, பேரும் குறைந்தது. அந்த நவம்பரிலேயே தடையை எடுத்தார்கள். இழந்த பேருக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இன்னொன்று. அந்த 70 வீத மின்சாரத்தில் ஒரு பங்கு நம் தலைக்கு மேலிருந்து போகிறது. லக்‌ஷபான, புரோட்லண்ட்ஸ், நம் ஓயாக்களில் கட்டிய சிறு நீர்மின் நிலையங்கள் எல்லாம் இந்த மலைத் தண்ணீரில் ஓடுபவை. களனி கங்கையும் அதன் கிளையாறுகளும் எவ்வளவு உயர்கின்றன என்று கித்துல்கல, தெரணியகல, ஹொலொம்புவ, கிளென்கோர்ஸ் என்று இடம் இடமாக அளக்கிறார்கள். கொழும்பில் வெள்ளம் எப்போது வரும் என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. கொலன்னாவையில் முழங்கால் தண்ணீரில் நிற்பவனும் நம்மைப் போல் கூலிதான். ஆற்றை இவ்வளவு கவனமாக அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, லயத்துக்குப் பின்னால் உள்ள மலையையும் அளக்கத் தெரியும் என்பதைத்தான் சொல்கிறேன்.

பேரிடரைப் போராட்டமாக மாற்றியவர்கள் நமக்கு முன்னாலும் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். 1934இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகி, மலேரியா வந்தது. சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை மாவட்டம் கடுமையாக அடிபட்டது. அப்போது இடதுசாரிகள் நடத்திய சூரியமல் இயக்கத்துத் தோழர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறினார்கள். வைத்தியர் எஸ்.ஏ. விக்ரமசிங்கவும் என்.எம். பெரேராவும் அவர்களில் இருந்தார்கள். 1936இல் ருவன்வெல்ல மக்கள் என்.எம்.மை அரசாங்க சபைக்கு அனுப்பியது சும்மா அல்ல. 1934இல் வந்தது பஞ்சமும் நோயும் சேர்ந்த வானிலைப் பேரிடர். அதை அரசியலாக்கியவர்கள் நம் முன்னோர். இன்றைக்கு நாம் மண்சரிவை இயற்கை அனர்த்தம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டுத் திரும்புகிறோம்!

அந்தத் தேசிய இசைவாக்கத் திட்டத்தின் காலம் 2025ஓடு தீர்ந்தது. அடுத்த திட்டத்தின் எழுத்தில் நம் கோரிக்கை ஏற வேண்டுமானால், அதை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பது நாலு விஷயம். ஆபத்தான லயத்திலிருந்து மாற்றும்போது வீட்டோடு காணி உறுதியும் வேண்டும், அதுவும் வேலைத்தலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகும் தூரத்தில். தூரத்தில் வீடு கொடுத்தால் நம் ஆட்கள் பழைய லயத்துக்கே திரும்பி வருவார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழையாலும் வெளியேற்ற உத்தரவாலும் போகும் நாளுக்கு முழுப் பேர் வேண்டும். எச்சரிக்கை சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வர வேண்டும். டித்வா நேரத்தில் பிந்தி வந்த தமிழுக்காக இனியும் காத்திருக்க முடியாது. லயத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் திட்டத்தில் பதவிப் பெயரோடு எழுத வேண்டும். இந்த நாலாவது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் காகிதம்தான்.

திட்டம் வரும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நேரான பக்கமுள்ள ஒரு டின்னைத் திறந்த வெளியில் வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளந்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள்; கடும் மழையில் கொட்டாமல் மணிக்கொரு தடவையும் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் வந்தால் விழிப்பு. 100 என்றால் மூட்டையைக் கட்டுங்கள். 150ஐத் தொட்டால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 வந்தால், யாருடைய உத்தரவுக்கும் நிற்காமல் வெளியேறுங்கள். இது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுதான். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, நின்றுபோன ஊற்று இவற்றைக் கண்டால் அளவும் பார்க்க வேண்டாம். அனர்த்த அவசர இலக்கமான 117க்கு அழையுங்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். மழை இரவில் யார் எந்தக் கிழவியைத் தூக்குவது, பிள்ளை மடுவத்தின் சாவி யாரிடம் என்பதைப் பகலிலேயே முடிவு செய்யுங்கள்.

மாதர் சங்கத் தோழியரே, இந்த வேலையை உங்களிடம்தான் ஒப்படைக்கிறேன். தலைவர்மார் மேடைக்கு வருவார்கள். எந்தக் காம்பராவில் எத்தனை பிள்ளை, யார் வயிற்றுப்பிள்ளைக்காரி, யாருக்கு நடக்க முடியாது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இனிக் கடிதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. "எங்கள் தோட்டத்து லயங்களைப் பற்றிய மண்சரிவு ஆய்வு அறிக்கை இருக்கிறதா, எந்த ஆண்டு வந்தது, அதன்மேல் யார் என்ன நடவடிக்கை எடுத்தார்?" என்று தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒன்று, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒன்று. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. கடிதத்தைக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், நகலைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு டிவிசனும் ஒரு கடிதம். எழுதப் படித்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. அடுத்த சம்பளத்துக்கு முன்னால் முதல் கட்டுக் கடிதங்கள் கரவனெல்லத் தபாலில் விழட்டும், தோழர்களே!